1 கேபி சிடிஏ ஃபைலில் பாட்டு ஏன் இல்லை? ஆடியோ சிடியைக் கணினி படிக்கும் விதம்

கேட்டிருப்பது இது: வீட்டிலுள்ள ஒரிஜினல் ஆடியோ சிடிகளை டெஸ்க்டாப்பில் போட்டால் ‘டிராக்01.சிடிஏ’, ‘டிராக்02.சிடிஏ’ என்று ஃபைல்கள் வரிசையாகத் தெரிகின்றன. ஒவ்வொன்றும் 1 கேபி. அங்கேயே கிளிக் செய்தால் பாடுகிறது. பென்டிரைவில் காப்பி செய்து காரில் செருகினால் பாடவில்லை. மைத்துனர் ‘காப்பி பண்ண முடியாதபடி லாக் போட்டிருக்காங்க’ என்கிறார். அது உண்மையா, தரம் குறையாமல் பாட்டை எடுக்க வழி இருக்கிறதா? இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. சிடியில் பாட்டு எந்த வடிவில் கிடக்கிறது என்பது ஒன்று. எடுத்த பாட்டு சிடியில் இருந்தபடியேதான் வந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்பது இன்னொன்று. இரண்டாவதுதான் கஷ்டமானது. முதலாவது விளங்கினால் அது ஏன் கஷ்டம் என்பதும் விளங்கிவிடும்.

1 கேபி ஃபைல் தெரிவதை வைத்து லாக் இருப்பதாகச் சொல்ல முடியாது. எந்தத் தடுப்பும் இல்லாத 1980களின் சிடியைப் போட்டாலும் விண்டோஸ் இதையேதான் காட்டும். ஆடியோ சிடியில் ஃபைல் என்று ஒன்று கிடையவே கிடையாது; ஃபோல்டரும் இல்லை, ஃபைல் சிஸ்டமும் இல்லை. பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து 1980ல் ரெட் புக் என்ற விதிமுறையை வகுத்தபோது, ஹாலில் ஸ்டீரியோ செட்டோடு வைக்கும் பிளேயரைத்தான் மனதில் வைத்திருந்தார்கள். அந்த பிளேயர் 1982 அக்டோபரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. டிஸ்கின் உள்விளிம்பில் தொடங்கி வெளிவிளிம்பு நோக்கிப் போகும் ஒரே சுருள் தடம். அதில் ஒலி வெறும் எண்களாக இடைவிடாமல் ஓடுகிறது. பாட்டு தொடங்குவதற்கு முன்னால், லீட்-இன் என்ற பகுதியில் ஒரு சின்னப் பட்டியல் இருக்கும். மொத்தம் எத்தனை டிராக், ஒவ்வொன்றும் எத்தனையாவது நிமிடம், விநாடி, ஃபிரேமில் (விநாடியில் 75ல் ஒரு பங்கு) தொடங்குகிறது, அது ஒலியா டேட்டாவா, அவ்வளவுதான். அதிகபட்சம் 99 டிராக். பாட்டின் பெயர்கூட அந்தப் பட்டியலில் இல்லை.

நீங்கள் பார்க்கும் சிடிஏ ஃபைல்களை விண்டோஸ் அந்தப் பட்டியலைப் பார்த்து அந்த நேரத்தில் உருவாக்கிக் காட்டுகிறது. ஒவ்வொன்றும் சரியாக 44 பைட். டிராக் எண், தொடங்கும் இடம், நீளம், டிஸ்கை அடையாளம் காண ஒரு எண், இவை மட்டுமே உள்ளே இருக்கும். அதைக் காப்பி செய்வது, புத்தகத்தை விட்டுவிட்டு பொருளடக்கத்தில் ஒரு வரியை மட்டும் எழுதிக்கொண்டு போவது மாதிரி. மேக் கணினி இதே டிஸ்கை ஏஐஎஃப்எஃப் என்ற ஒலி ஃபைல்களாகக் காட்டும். லினக்ஸில் கேடிஇ டெஸ்க்டாப், வேவ் (சுருக்காத ஒலி), ஃபிளாக் (தரம் குறையாமல் சுருக்கிய ஒலி) என்று ஃபோல்டர் ஃபோல்டராகக் காட்டும். அங்கே இழுத்துப் போட்டால் நிஜமாகவே பாட்டு வரும். டிஸ்கில் அப்படி ஃபைல் இருப்பதால் வருவதில்லை. நீங்கள் இழுக்கும்போது சிஸ்டம் பின்னணியில் ஒலியைப் படித்து ஃபைலாக மாற்றித் தருகிறது. லினக்ஸில் ஆடியோ சிடியை மவுன்ட் செய்யப் பார்த்தால், அதாவது ஃபைல் உள்ள டிஸ்க் போலத் திறக்கப் பார்த்தால், ‘ராங் எஃப்எஸ் டைப்’ என்று பிழை வருவதும் இதனால்தான். டிஸ்க் கெட்டுப்போய்விட்டதாக நினைத்துப் பலர் அந்த இடத்திலேயே விட்டுவிடுகிறார்கள்.

இனி எண்கள். விநாடிக்கு 44,100 மாதிரிகள் (அந்தந்தக் கணத்தில் ஒலியை அளந்த எண்கள்), ஒவ்வொன்றும் 16 பிட், இடது வலது என இரண்டு சேனல். பெருக்கினால் விநாடிக்கு 1,76,400 பைட். இதை விநாடிக்கு 75 செக்டராகப் பிரிக்கிறார்கள். ஒரு செக்டருக்கு 2,352 பைட். ஐந்து நிமிடப் பாட்டு கிட்டத்தட்ட 53 எம்பி. 80 நிமிட டிஸ்க் முழுக்க ஒலியாக இருந்தால் ஏறக்குறைய 847 எம்பி வரும். அதே டிஸ்கில் டேட்டா எழுதினால், இதே கணக்கில் சுமார் 737 எம்பிதான் பிடிக்கும் (1,024ஆல் வகுக்கும் கணக்கில் இதைத்தான் 700 எம்பி என்கிறார்கள்). மீதி எங்கே போயிற்று? டேட்டா சிடியின் ஒவ்வொரு செக்டரிலும் 2,048 பைட் மட்டுமே நமக்கு. மீதமுள்ள 304 பைட்டில் செக்டர் எங்கே தொடங்குகிறது என்ற குறிக்கு 12, முகவரிக்கு 4, பிழையைக் கண்டுபிடிக்க 4, பிழையைத் திருத்த 276. 8 பைட் காலி. ஆடியோ செக்டரில் இந்த 304 பைட்டையும் இசைக்கே கொடுத்துவிட்டார்கள். கணினியில் ஆடியோ சிடியால் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு முடிவிலிருந்து வருகின்றன.

முதல் தொல்லை, முகவரி. டேட்டா சிடியில் ‘12,000வது செக்டரைக் கொடு’ என்றால் டிரைவ் அங்கே போய், செக்டருக்குள்ளேயே எழுதியிருக்கும் எண்ணைச் சரிபார்த்துக் கொடுக்கும். ஆடியோ செக்டருக்குள் எண் இல்லை. இடத்தைச் சொல்லும் குறிப்பு கியூ சப்கோட் என்று பக்கத்தில் ஓடும் வேறொரு மெல்லிய ஓட்டத்தில் இருக்கிறது. அதுவும் பத்து செக்டருக்கு ஒன்பதில் இருந்தால் போதும் என்றுதான் விதி. டிரைவுக்குள் ஒலி ஒரு பஃபர் (தற்காலிக நினைவகம்) வழியாகவும் சப்கோட் வேறு வழியாகவும் வருவதால் இரண்டும் நூல் பிடித்தது போல ஒத்துப் போகாது. பழைய டிரைவ்களில் படிப்பதை நிறுத்தி மறுபடி தொடங்கினால் விட்ட இடத்துக்குச் சில மாதிரிகள் முன்னாலோ பின்னாலோ தொடங்கும். ஒட்டு விழுந்த இடத்தில் ‘டிக்’ என்று கேட்கும். சிடி சுத்தமாக இருந்தும் எம்பி3யில் மட்டும் டிக் டிக் என்று வந்ததற்கு 1990களில் இதுவே பெரிய காரணம். இதற்காகவே எழுதப்பட்டது லினக்ஸின் சிடிபாரனாய்யா: ஒவ்வொரு துண்டையும் முந்தைய துண்டோடு கொஞ்சம் மேற்பொருந்தும்படி படித்து, இரண்டையும் ஒப்பிட்டு, பொருந்தும் இடத்தில் தைக்கும். இப்போதைய டிரைவ்களில் பெரும்பாலானவை அக்யூரேட் ஸ்ட்ரீம் வகை. அவற்றில் விலகல் இருந்தாலும் ஒவ்வொரு முறையும் ஒரே அளவாக இருக்கும் என்பதால் டிக் பிரச்சினை அநேகமாக ஒழிந்துவிட்டது.

இரண்டாவது தொல்லை, கீறல். ஆடியோ சிடியிலும் பிழை திருத்தம் உண்டு. சிஐஆர்சி என்ற முறை. 24 பைட் ஒலிக்கு 8 பைட் காப்பு சேர்த்து, அடுத்தடுத்த பைட்டுகளைத் தடத்தில் தள்ளித் தள்ளி விதைத்திருப்பார்கள். தடத்தின் நீளவாக்கில் ஏறக்குறைய 2.5 மில்லிமீட்டர் வரை தொடர்ந்து அழிந்திருந்தாலும் முழுதாக மீட்டுவிடலாம். அதற்கு மேல் போனால்? டேட்டா சிடிக்கு அந்த 276 பைட் இன்னொரு அரணாக நிற்கும். அதுவும் தோற்றால் டிரைவ் ‘படிக்க முடியவில்லை’ என்று நேர்மையாகப் பிழை சொல்லும். ஆடியோவில் டிரைவ் அப்படிச் சொல்லாமல் சமாளிக்கிறது. காணாமல் போன மாதிரிக்கு இரு பக்கமும் உள்ளவற்றைப் பார்த்து நடுவில் ஒரு மதிப்பை இட்டு நிரப்புகிறது. ரொம்ப மோசமாக இருந்தால் ஒரு கணம் மௌனமாக்குகிறது. கேட்டு ரசிக்க இது அருமையான ஏற்பாடு. ஆனால் காப்பி எடுக்கும்போது எந்த எச்சரிக்கையும் இல்லாமல், இட்டு நிரப்பிய மாதிரிகள் உங்கள் ஃபைலுக்குள் போய் உட்கார்ந்துவிடும். சிடியிலிருந்து பாட்டை ஃபைலாக எடுப்பதை ரிப் என்பார்கள். ஆகவே ‘ரிப் முடிந்தது, பிழை எதுவும் வரவில்லை’ என்ற செய்தியை மட்டும் நம்பி சிடியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

பழைய டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஒரு செய்தி. 1990களின் சிடி டிரைவ் தனக்குள்ளேயே ஒலியை அனலாகாக மாற்றிவிடும். டிரைவின் பின்பக்கத்திலிருந்து சவுண்ட் கார்டில் ‘சிடி இன்’ என்று எழுதிய இடத்துக்கு நாலு பின் கொண்ட ஒரு மெல்லிய ஒயர் போகும்: இடது, வலது, நடுவில் இரண்டு கிரவுண்ட். கணினி ‘இந்த இடத்திலிருந்து பாடு’ என்று கட்டளை கொடுப்பதோடு சரி. ஒலி பிராசசர் பக்கமே வராது. அதனால்தான் அந்தக் காலத்தில் விண்டோஸ் உறைந்து போனாலும் பாட்டு நிற்காமல் பாடியது. முன்பக்க ஹெட்போன் ஜாக்கில் கேட்கவும் முடிந்தது. அந்த ஒயரை மாட்ட மறந்தால் டிரைவ் சுழலும், நேரமும் ஓடும், சத்தம் மட்டும் வராது. விண்டோஸ் 2000, எக்ஸ்பி காலத்திலிருந்து சிடி ஒலியை டேட்டா கேபிள் வழியாகவே எண்களாக இழுத்து சவுண்ட் கார்டுக்குக் கொடுக்கும் முறை வந்துவிட்டது. இன்றைய சாட்டா டிரைவ்களில் அந்த நாலு பின்னே பொதுவாக இருப்பதில்லை. இணையத்தில் ‘ஆடியோ ஒயரைப் பாருங்கள்’ என்று கிடக்கும் பழைய ஆலோசனைகள் உங்கள் கணினிக்குப் பொருந்தாது.

எடுக்கும் முறைக்கு வருவோம். அவசரத்துக்கு விண்டோஸ் மீடியா பிளேயரே போதும். ‘ரிப் செட்டிங்ஸ்’ போய் ஃபார்மேட்டை ஃபிளாக் என்று மாற்றுங்கள். விண்டோஸ் 10 முதல் அந்த வசதி இருக்கிறது. ‘காப்பி புரொடெக்ட் மியூசிக்’ என்ற டிக் கண்ணில் பட்டால் எடுத்துவிடுங்கள். அது இருந்தால் நீங்கள் எடுத்த பாட்டு வேறு கருவியில் பாடாமல் போகலாம். ‘ஆப்ஷன்ஸ்’, ‘டிவைசஸ்’, பிறகு உங்கள் டிரைவின் ‘பிராபர்ட்டீஸ்’ என்று போனால் ‘யூஸ் எரர் கரெக்‌ஷன்’ என்று ஒன்று இருக்கும். அதை டிக் செய்யுங்கள். கீறல் இல்லாத சிடிக்கு இதில் வரும் ஃபிளாக்குக்கும் மற்ற மென்பொருளில் வருவதற்கும் காதுக்குத் தெரிகிற வித்தியாசம் இருக்காது. வித்தியாசம் ஒன்றில்தான்: சரியாக வந்ததா என்று இது உங்களுக்குச் சொல்லாது.

அதைச் சொல்லும் மென்பொருள் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி. தனிநபர் பயன்பாட்டுக்கு இலவசம். முதல்முறை திறந்ததும் நன்றாகப் புழங்கும், கீறலில்லாத ஒரு சிடியைப் போட்டு டிரைவை ஆராயச் சொல்லுங்கள். படிக்கும் முறை ‘செக்யூர்’ என்று இருக்க வேண்டும். டிரைவ் ஒலியைத் தன் கேஷில், அதாவது தற்காலிக நினைவகத்தில், வைத்துக்கொள்கிறது என்று சொன்னால் அந்த டிக் கட்டாயம் இருக்கட்டும். இல்லாவிட்டால் இரண்டாம் முறை படிக்கும்போது டிஸ்கைத் தொடாமலே கேஷில் இருந்ததைத் திருப்பிக் கொடுத்து ‘இரண்டும் ஒன்றுதான்’ என்று ஏமாற்றும். திருத்த முடியாமல் போன இடங்களை டிரைவே சொல்லும் சி2 பிழைத் தகவலைச் சில டிரைவ்கள் ஒழுங்காகச் சொல்வதில்லை. அதை அணைத்து வைப்பதுதான் என் பரிந்துரை, நேரம் கூடினாலும் பரவாயில்லை. பிறகு ‘ஆக்‌ஷன்’ மெனுவில் ‘டெஸ்ட் அண்ட் காப்பி’. முழு டிராக்கையும் ஒருமுறை படித்து ஒரு சிஆர்சி எண் (படித்ததிலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) எடுக்கும். மறுபடி படித்து ஃபைலாக எழுதி இன்னொரு சிஆர்சி எடுக்கும். இரண்டும் ஒன்றாக இருந்தால் ‘காப்பி ஓகே’.

செக்யூர் முறையில் ஒவ்வொரு செக்டரும் குறைந்தது இரண்டு தடவை படிக்கப்படும். ஒத்துப் போகாவிட்டால் பதினாறு தடவை படித்து, அவற்றில் குறைந்தது எட்டு தடவை ஒரே மாதிரி வருகிறதா என்று பார்க்கும். வராவிட்டால் இன்னொரு பதினாறு. இப்படி ஐந்து சுற்று வரை, மோசமான இடத்தில் ஒரே செக்டரை 82 தடவை வரை படிக்கும். திரையில் எரர் கரெக்‌ஷன் வரிசையில் சிவப்புக் கட்டங்கள் ஒவ்வொன்றாக நிறையும். டிரைவ் வேகம் குறைந்து முனகும். அந்த நேரத்தில் பதறி நிறுத்த வேண்டாம். அப்படியும் ஒத்து வராத இடங்களை முடிவில் ‘சஸ்பிசியஸ் பொசிஷன்’ என்று நிமிடம் விநாடியோடு எழுதிக் கொடுக்கும். 0:02:31 என்று இருந்தால் ஹெட்போன் மாட்டி அந்த இடத்தைக் கேளுங்கள். ஒன்றும் கேட்காவிட்டால் விட்டுவிடலாம். கேட்டால் டிஸ்கைத் துடைத்துவிட்டு அந்த டிராக்கை மட்டும் மறுபடி எடுக்கலாம்.

இரண்டு சிஆர்சியும் ஒத்துவிட்டால் நூறு சதவீதம் சரி என்று சொல்லிவிடலாமா? கிட்டத்தட்ட. ஒரே டிரைவ் ஒரே கீறலை இரண்டு முறையும் ஒரே மாதிரி தவறாகப் படிப்பது அபூர்வம், ஆனால் நடக்கக்கூடியது. இதற்கு மேலான சாட்சி அக்யூரேட்ரிப் என்ற இணையத் தொகுப்பு. உலகின் வேறு மூலைகளில் அதே சிடியை வேறு டிரைவ்களில் எடுத்தவர்களின் சரிபார்ப்பு எண்களோடு உங்களுடையதை ஒப்பிடும். ஒத்துப் போனால் சந்தேகத்துக்கு இடமில்லை. ஆனால் வேறு யாராவது அதே சிடியை முன்பு எடுத்திருந்தால்தான் ஒப்பிட முடியும். குறைந்த எண்ணிக்கையில் அச்சிட்ட கச்சேரி சிடிகளும் பழைய படப்பாட்டு சிடிகளும் அதில் இல்லாமல் போகலாம். ‘தொகுப்பில் இல்லை’ என்றால் தவறு என்று அர்த்தமில்லை. முக்கியமான சிடியாக இருந்தால், நண்பர் ஒருவரின் வேறு மாடல் டிரைவில் எடுத்து ஒப்பிடுவதே அடுத்த வழி. அப்போது இரு டிரைவின் ‘ரீட் ஆஃப்செட்’ சரியாக அமைந்திருக்க வேண்டும். ஒவ்வொரு மாடலும் சில மாதிரிகள் தள்ளித் தொடங்கும். ஒன்று 6, இன்னொன்று 30, வேறொன்று 667 என்று இருக்கும். 667 மாதிரி என்பது விநாடியில் நூறில் ஒன்றரைப் பங்கு. காதுக்கு எதுவும் தெரியாது. ஆனால் சிஆர்சி மாறிவிடும்.

பாட்டின் பெயர்கள் எங்கிருந்து வருகின்றன என்பதும் இதோடு சேர்ந்ததே. டிராக்குகள் தொடங்கும் இடங்களை வைத்து ஒரு அடையாள எண் கணக்கிட்டு இணையத் தொகுப்பில் தேடுகிறார்கள். நீளங்கள் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும் வேறொரு சிடியின் பெயர்கள் வந்து நிற்பது இதனால்தான். பயனர்களே தட்டச்சு செய்து ஏற்றியவை இவை. ஆகவே தமிழ்ப் பாட்டுகளுக்கு ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல் இருக்கும். ஒரே சிடியில் இரண்டு படப்பாட்டுகள் இருந்தால் இரண்டும் ஒரே படத்தின் பெயரில் விழுந்துவிடும். அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கையால் திருத்துவதே நல்லது.

ஃபார்மேட் விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: ஃபிளாக். வேவ் அளவில் ஏறக்குறைய பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை இருக்கும். ஒரு மணி நேரம் ஓடும் சிடிக்கு 300 முதல் 450 எம்பி என்று வைத்துக்கொள்ளலாம். விரித்தால் அதே எண்கள் ஒன்றுகூட மாறாமல் திரும்ப வரும். ஒலியின் சரிபார்ப்பு எண்ணும் ஃபைலுக்குள்ளேயே இருப்பதால் பத்து வருடம் கழித்தும் கெட்டுப்போயிருக்கிறதா என்று சோதிக்கலாம். 320 கேபிபிஎஸ் எம்பி3யை ஃபிளாக்கிலிருந்து காதால் பிரித்தறிவது பெரும்பாலானவர்களுக்கு மிகக் கடினம் என்பது உண்மை. ஆனால் கர்நாடக இசைக் கச்சேரி சிடியில் எம்பி3 வேறொரு இடத்தில் காலை வாரும். ராக ஆலாபனை ஒரு டிராக், கிருதி அடுத்த டிராக். நடுவில் தம்புரா நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். சிடியில் டிராக் எல்லை வெறும் குறி என்பதால் ஒலி அறுபடாது. எம்பி3 ஒலியை 1,152 மாதிரிகள் கொண்ட துண்டுகளாக வெட்டுகிறது. பாட்டின் முனைகளில் வெற்று மாதிரிகளைச் சேர்த்து நிரப்புகிறது. எம்பி3 உருவாக்கும் லேம் என்கோடர் எவ்வளவு சேர்த்தது என்று குறித்து வைத்தாலும் பல கார் ஸ்டீரியோக்கள் அதைப் பார்ப்பதில்லை. விளைவு, தம்புரா ஒரு கணம் விக்கி மறுபடி தொடங்கும். அப்படிப்பட்ட சிடியை எம்பி3 ஆக்கத்தான் வேண்டுமென்றால் முழுக் கச்சேரியையும் ஒரே ஃபைலாக எடுங்கள்.

டிஸ்க் படிக்கவே மறுத்தால் முதலில் மின்சாரத்தைப் பாருங்கள். யூஎஸ்பியில் செருகும் மெல்லிய டிரைவ்கள் சுழலத் தொடங்கும்போது, யூஎஸ்பி 2 போர்ட்டின் விதிப்படியான 500 மில்லி ஆம்பியரைத் தாண்டி இழுப்பதுண்டு. முன்பக்க போர்ட்டிலோ மின்சாரம் இல்லாத ஹப்பிலோ மாட்டினால் சுழன்று சுழன்று நின்றுவிடும். மதர்போர்டின் பின்பக்க போர்ட்டில் நேரடியாக மாட்டுங்கள். அதன் பிறகு துடைப்பது. மெல்லிய பருத்தித் துணி, தேவையானால் சிறிது ஐசோபுரொபைல் ஆல்கஹால். நடுத் துளையிலிருந்து விளிம்பு நோக்கி நேர்க்கோட்டில். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் தடத்தின் போக்கிலேயே நீளமாக விழும். மேலே சொன்ன 2.5 மில்லிமீட்டரைச் சுலபமாகத் தாண்டிவிடும். அடிப்பக்கத்தில் 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் காவல் இருக்கிறது. அங்கே விழுந்த கீறலை மெருகேற்றிக்கூட மீட்கலாம். படம் அச்சிட்ட மேல்பக்கம்தான் ஆபத்து. அலுமினியப் படலம் அங்கே மெல்லிய பூச்சுக்குக் கீழேயே இருக்கிறது. டிஸ்கை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஊசித்துளை போல வெளிச்சம் தெரிந்தால் அந்த இடத்தின் ஒலி போனது போனதுதான்.

உங்கள் மைத்துனர் சொன்னதில் ஒரு நியாயமும் உண்டு. 2000களின் முதல் பாதியில் சில நிறுவனங்கள் கணினியில் எடுக்க முடியாதபடி சிடிகளை வெளியிட்டது உண்மையே. 2005ல் சோனி பிஎம்ஜி சிடிகளில் எக்ஸ்சிபி என்ற மென்பொருள் கணினிக்குள் தன்னை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தது அம்பலமாகி, அந்த சிடிகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அப்படிப்பட்ட டிஸ்கைப் போட்டால் சிடிஏ வரிசைக்குப் பதிலாக ஏதோ ஒரு நிரல் தானாக ஓடப் பார்க்கும். உங்கள் விவரிப்பில் அப்படி எதுவும் இல்லை. டிஸ்கை நேரில் பார்க்காமல் இதற்கு மேல் சொல்வது சரியாக இருக்காது. ‘காம்பாக்ட் டிஸ்க் டிஜிட்டல் ஆடியோ’ சின்னம் அட்டையிலோ டிஸ்கிலோ இருந்தால் அது ரெட் புக் விதிப்படியான டிஸ்க் என்று பெரும்பாலும் நம்பலாம்.

காருக்கென்று வரும்போது, பென்டிரைவ் ஃபேட்32 ஃபார்மேட்டில் இருக்கட்டும். என்டிஎஃப்எஸ் பல ஸ்டீரியோக்களுக்குப் புரியாது. உங்கள் ஸ்டீரியோ ஃபிளாக் பாடாவிட்டால், ஹார்ட் டிஸ்கில் உள்ள ஃபிளாக்கை அப்படியே வைத்துக்கொண்டு அதிலிருந்து எம்பி3 தனியாக எடுங்கள். சிடியை மறுபடி தொட வேண்டியதில்லை. ஃபைல் பெயரின் தொடக்கத்தில் 01, 02 என்று இரண்டு இலக்கத்தில் டிராக் எண் இருக்கட்டும். வெறும் 1, 2 என்று போட்டால் பல ஸ்டீரியோக்கள் முதல் பாட்டு முடிந்ததும் பத்தாவதற்குத் தாவிவிடும்.